வீடு மாறியாச்சு, ஓட்டு மாறிவிட்டதா?

கேள்வி: மயிலாப்பூரில் வாடகைக்கு இருந்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன் பெரும்பாக்கம் ஃபிளாட்டுக்கு வந்தோம். வாக்காளர் அட்டையில் இன்னும் பழைய முகவரிதான். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போட்டது, பதிவு செய்யவில்லை. பழைய பூத்திலேயே ஓட்டுப் போடலாமா?

பதில்: மாற்றிவிடுங்கள், அதுவும் இப்போதே. அட்டை கையில் இருந்தால் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2025 கடைசியில் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டன. அவற்றில் பெரும்பகுதி உங்களைப் போல வீடு மாறியவர்கள் கணக்கில் வந்தவை. அதனால் முதல் வேலை, தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டுத் தேடுவது. 1950-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

பெயர் இருந்தால் படிவம் 8. முகவரி மாற்றம், பிழைத் திருத்தம் எல்லாவற்றுக்கும் இதுதான். பழைய தொகுதியில் பெயரை நீக்க நீங்கள் தனியாக அலைய வேண்டாம், அட்டை எண்ணும் மாறாது. பெயரே இல்லை என்றால் படிவம் 6. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை விண்ணப்பம்.

சிக்கல் முகவரிச் சான்றில்தான். பதிவு செய்த ஒப்பந்தத்தைத்தான் ஏற்பார்கள், உங்கள் 11 மாத ஒப்பந்தம் செல்லாது. வீட்டு உரிமையாளரைக் கெஞ்சவும் வேண்டாம். வங்கியில் முகவரியை மாற்றி பாஸ்புக்கில் பதிந்து வாங்குங்கள், அல்லது ஆதாரில் மாற்றுங்கள். இரண்டில் ஒன்று போதும்.

“ரெண்டுமே தென்சென்னைதானே” என்று தோன்றலாம். மக்களவைக்கு அப்படித்தான். ஆனால் சட்டமன்றத்துக்கு மயிலாப்பூர் வேறு, பெரும்பாக்கம் அடங்கும் சோழிங்கநல்லூர் வேறு. உள்ளாட்சியில் இடைவெளி இன்னும் பெரிது. பெரும்பாக்கம் மாநகராட்சியில் சேராத ஊராட்சி. உங்கள் தெருவில் மழைநீர் தேங்கினால் கேள்வி கேட்க வேண்டியது அங்கே உள்ளவர்களை. ஓட்டு மட்டும் மயிலாப்பூரில் கிடந்தால் உங்களுக்கு என்ன பயன்?

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 69 சதவீதத்துக்கு மேல் பதிவானது, தென்சென்னையில் 54 சதவீத அளவுதான். படித்தவர்களின் சோம்பேறித்தனம் என்று உடனே திட்டிவிடுகிறார்கள். அதில் பாதி உண்மைகூட இருப்பதாக நான் நினைக்கவில்லை. வீடு மாறிப் போனவரின் பெயர் பழைய பட்டியலிலேயே இருந்தால், அவர் வராதபோது அந்தத் தொகுதியின் சதவீதமும் இறங்கும். சில வருடத்துக்கு ஒரு முறை வீடு மாறும் வாடகைக் குடும்பங்கள் நிறைந்த நகரத்தில் இது சின்ன விஷயமா?

காலக்கெடுவையும் சொல்லிவிடுகிறேன். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க மாட்டார்கள். விசாரணைக்கும் நாள் பிடிக்கும் என்பதால் தேர்தல் தேதி அறிவித்தபின் ஓடுவது ஆபத்து.

அப்புறம், விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு உங்கள் செக்யூரிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விசாரிக்க வரும் பூத் அலுவலரை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டால், அந்த முகவரியில் நீங்கள் இல்லை என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதை முக்கியமாகக் கவனியுங்கள்.