வெள்ளநீரைக் கடந்த பின் வழுக்கும் கிளட்சும் நடுங்கும் என்ஜினும்

வணக்கம். சக்கரத்தின் பாதிக்கு மேல் நின்ற வெள்ளநீரைக் கடந்த மறுநாளிலிருந்து கிளட்ச் வழுக்குவதாகவும் (என்ஜினின் சுழற்சி முழுதாகச் சக்கரங்களுக்குச் செல்லாமல் நழுவுவதாகவும்), உங்கள் பெட்ரோல் என்ஜின் ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, நடுங்குவதாகவும், கிளட்ச் செட்டை உடனே மாற்றும்படி மெக்கானிக் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது என்ஜினைத்தான்; பெருஞ்செலவு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

என்ஜின் எண்ணெயின் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோ அதன் அளவு கூடியிருந்தாலோ, இனி ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டியில் அனுப்பிவிடுங்கள். எண்ணெய் சரியாக இருந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கவும். ஃபில்டர் நனைந்தோ சேறு படிந்தோ இருந்தால் நீர் சிலிண்டர் வரை சென்றிருக்கக்கூடும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது என்பதால், பிஸ்டன் மேலேறும் வேகத்தில் அதைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். சற்றே வளைந்த ராடுடன் வண்டி சில காலம் ஓடவும் செய்யும் என்பதுதான் இதில் உள்ள ஏமாற்று. ஆகவே கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லி, ஏதேனும் ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைகிறதா என்று கேளுங்கள். எல்லாம் சமமாக இருந்தால், ஈரமேறிய இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக், காற்றோட்ட சென்சார் ஆகியவற்றைச் சோதித்தால் போதும்.

கிளட்ச் தட்டு வெறுமனே நனைந்திருந்தால், மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டியதும் சூட்டில் உலர்ந்து பிடிப்பு திரும்பிவிடும். அதன் பிறகும் வழுக்கினாலோ, மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கிரீச்சிட்டாலோ உள்ளே சேறு புகுந்திருக்கலாம்; அப்போது கியர்பாக்ஸை இறக்கித் தட்டைக் கண்ணால் பார்த்த பின்னரே மாற்றச் சம்மதியுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெயிலும் நீர் கலந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.