குளோன் எடுத்த உபுண்டுவுக்கும் அதே ஐபி முகவரியா?

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்) உள்ள உபுண்டு 22.04 சர்வரைக் குளோன் (அச்சு அசலான நகல்) எடுத்து, இரண்டையும் ஒன்றாக இயக்கினால், ரூட்டர் இரண்டுக்கும் 192.168.1.23 என்ற ஒரே முகவரியைத் தருகிறது. ஒன்றில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துபோகிறது. குளோன் எடுக்கையில் மேக் முகவரியை (வலையமைப்பு அட்டையின் அடையாள எண்) புதிதாக உருவாக்கும்படிதான் தேர்ந்தெடுத்தேன். தவறு எங்கே?

பதில்: இரண்டிலும் 10.0.2.15 என்று காட்டியிருந்தால், அது ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தனித்தனி உள்வலையில் இருக்கும் நாட் முறையின் வழக்கமான முகவரி, கவலை வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். உங்களுடையது, மெய்நிகர் கணினிகள் நேரடியாக ரூட்டரிடமே முகவரி வாங்கும் பிரிட்ஜ் முறை என்பதால் சிக்கல் உண்மையானதே.

மேக் முகவரியை மாற்றியதில் தவறில்லை. ஆனால் உபுண்டு சர்வரில் வலையமைப்பைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் நெறிமுறை) வழியாக முகவரி கேட்கும்போது மேக் முகவரியைத் தன் அடையாளமாகச் சொல்லாமல், எட்சி அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பின் 32 எழுத்துகளிலிருந்து உருவாக்கிய அடையாளத்தையே சொல்கிறது. குளோனில் அந்தக் கோப்பும் அப்படியே வந்துவிடுவதால், பழைய ஆள்தான் மறுபடி வந்திருக்கிறார் என்று எண்ணி ரூட்டர் பழைய முகவரியையே நீட்டுகிறது. இரண்டிலும் கேட் கட்டளையால் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றாகவே இருக்கும்.

குளோனில் மட்டும், ட்ரங்கேட் கட்டளையால் அக்கோப்பின் அளவைச் சுழியமாக்கி மறுதொடக்கம் செய்தால், புதிய அடையாளம் தானாகவே எழுதப்பட்டுவிடும். கோப்பையே நீக்கிவிடாதீர்கள், காலியாக இருந்தால் போதும். இதற்கு மாற்றாக, உபுண்டுவின் வலையமைப்பு அமைப்புகள் எழுதப்படும் நெட்பிளான் கோப்பில் டிஹெச்சிபி-ஐடென்டிஃபையர் என்பதற்கு மேக் என்ற மதிப்பைக் கொடுத்தும் முகவரிச் சண்டையைத் தீர்க்கலாம். ஆனால் இரண்டு கணினிகள் ஒரே அடையாளத்தோடு உலவுவது அப்படியே நீடிக்கும் என்பதால் எனக்கு முதல் வழியே உவப்பானது.

இதே கையோடு, எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளையும் (தொலைவிலிருந்து நுழைவோருக்குச் சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சாவிகள்; இவையும் நகலாகியிருக்கும்) குளோனில் அழித்துவிட்டு, டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையை ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர் தொகுப்பின்மீது இயக்கிப் புதியவற்றை உருவாக்குங்கள், ஹோஸ்ட்நேமையும் மாற்றுங்கள்.

சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸ் காலத்தில் குளோனில் ஈத்0 என்ற வலையமைப்பு இடைமுகம் காணாமல்போய் ஈத்1 முளைத்தது வேறு கதை. அங்கே சாதனங்களுக்குப் பெயரிடும் யூடெவ் பழைய மேக் முகவரியை ஒரு விதிக்கோப்பில் எழுதி வைத்திருந்ததே காரணம். உங்கள் உபுண்டுவில் அந்தக் கோப்பைத் தேடி அலைய வேண்டாம்.