கிம்பல் வாங்கட்டுமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரைப் போன் கேமராவில் பேட்டி எடுக்கப்போகிறேன். அங்கே டிரைபாட் விரிக்க இடமில்லை. கையில் பிடித்துப் பழகினால் படம் ஆடுகிறது. போனை ஆடாமல் தாங்கிப் பிடிக்கும் கருவியான கிம்பல் வாங்கட்டுமா, அண்ணா?
- வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. கிம்பல் நடந்துகொண்டே எடுக்கிறவர்களுக்குத்தான் நிஜமாகக் கைகொடுக்கும், உங்களுக்கு வேண்டியது ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற பொறுமை. அவர் தரையில் உட்கார்ந்து வேலை செய்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். ஒரு முழங்காலை மடக்கி நிறுத்தி, முழங்கையை அதன் எலும்பின் மேல் வைக்காமல் கொஞ்சம் மேலே தொடைச் சதையில் ஊன்றுங்கள், எலும்பு மேல் எலும்பு வழுக்கும். இன்னொரு முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். ஜூம் பக்கமே போகாதீர்கள், ஜூம் செய்யச் செய்ய ஆட்டமும் பெரிதாகத் தெரியும். ரொம்பக் கிட்டே போனாலும் மூக்கு பெருத்துவிடும், ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் போதும்.

புதிதாக எடுக்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது வேறு இடத்தில். பேசுகிறவர் கையைத் தூக்கினால் கேமராவும் பின்னாலேயே ஓடும், கொலுசைக் காட்டினால் அங்கே தாவும், அதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார், எடிட்டிங்கில் உட்கார்ந்தால் முகமும் இருக்காது கையும் இருக்காது. முகத்திலேயே நில்லுங்கள். ஒரு பேச்சு முடிந்து அவரே குனிந்து வேலையைப் பார்ப்பார், அப்போது மெதுவாகக் கைக்கு இறங்கி அங்கே மனசுக்குள் பத்து எண்ணும் வரை அசையாமல் இருங்கள். பற்றவைக்கிறதையும் மணி கோக்கிறதையும் பேட்டி முடிந்த பிறகு தனியாக எடுத்துக்கொள்ளலாம், பேச்சை வெட்டும் இடத்தையெல்லாம் அந்தக் காட்சிகளைப் போட்டு மூடிவிடலாம். கேள்வி கேட்க ஒரு நண்பரைக் கூட்டிப்போங்கள், அவர் உங்கள் தோளை ஒட்டி உட்காரட்டும், பெரியவரின் பார்வை லென்ஸுக்குப் பக்கத்திலேயே நிற்கும். பெரியவரிடமிருந்து நண்பர் வரை ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டு கேமராவோடு அதைத் தாண்டாதீர்கள், தாண்டினால் பெரியவர் திடீரென்று எதிர்ப்பக்கம் பார்த்துப் பேசுவதுபோல் ஆகிவிடும்.

டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை ஓடினால் பயப்படாதீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் நொடிக்கு 25 பிரேம் (படம்), ஷட்டர் 1/50 நொடி என்று வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் படத்தைவிட எனக்குச் சத்தம்தான் கவலை. ஆட்டத்தைக்கூடப் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்குங்கள், கிம்பல் காசில் பாதிகூட ஆகாது.

கேள்வி: அதன்பிறகு ஏற்காட்டில் காபித் தோட்டத் தொழிலாளி ஒருவரையும் எடுக்கணும். மூடுபனியில் என்ன கவனிக்கணும்?

பதில்: ஆட்டோ ஃபோகஸ் பனியில் தடுமாறும், முகத்தில் வைத்து லாக் செய்யுங்கள். காற்றுச் சத்தம் விழாமலிருக்க மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி கட்டாயம். ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே போனை எடுத்தால் லென்ஸ் வியர்க்கலாம், பையிலேயே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.