அத்தை கூப்பிடும் பெயர்

அன்புள்ள அக்கா,

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. யாழினி என்று பெயர் வைக்கப் போகிறோம் என்றார்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று நியூமராலஜி பார்ப்பவரிடம் போனார்கள். ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதும் ஏழு எழுத்துக்குக் கூட்டுத்தொகை 21 வருகிறதாம், குழந்தை பிறந்த தேதிக்கு 32தான் வேண்டுமாம். இன்னொரு ஏ, இன்னொரு என், கடைசியில் ஒரு எச் சேர்த்துப் பத்து எழுத்தாக்கிக் கொடுத்துவிட்டார். எழுத்துக் கூட்டிப் படித்தால் 'யாழின்னிஹ்' என்று வருகிறது. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். "குப்பம்மா, முனியம்மான்னு வச்சு நார்த் மெட்ராஸ்னு நெத்தியில எழுதி ஒட்டணுமா?" என்று அண்ணன் கத்திவிட்டான். அண்ணி என்னோடு பேசுவதில்லை. அடுத்த ஞாயிறு தொட்டில் போடுகிறார்கள். அடுத்தவர் குழந்தையின் பெயர் பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? உங்களுக்குப் பிடிக்காத பெயர்கள் உண்டா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உரிமை இருக்கிறது. நீங்கள் அந்தக் குழந்தைக்கு அத்தை. நம் பக்கத்தில் பல வீடுகளில் தொட்டிலில் போட்டதும் குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்பவளே அத்தைதான். அந்த இடத்தில் நிற்கப் போகிறவருக்குப் பெயரைப் பற்றிப் பேச வாய் இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கும்? ஆனால் அந்த உரிமைக்குக் கெடு உண்டு. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறுகிற நாள் வரைதான். அதற்குப் பிறகு பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பெற்றவர்களிடம் சொல்வதாகாது, அந்தப் பிள்ளையிடம் சொல்வதாகிவிடும். நாலு வயதுக் குழந்தை தன் பெயரைச் சொல்லும்போது முகம் சுளிக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தை அப்புறம் பெயரை மெதுவாகச் சொல்ல ஆரம்பிக்கும்.

எனக்குப் பிடிக்காத பெயர்கள் நிறைய உண்டு. அப்பா பெயரில் பாதியையும் அம்மா பெயரில் பாதியையும் ஒட்டிச் செய்கிற பெயர்கள் எனக்கு ஆகாது. நட்சத்திரத்துக்கு 'டோ'வில் தொடங்க வேண்டும் என்று சொல்லப் போய், ட-வில் தொடங்கும் சொல்லே இல்லாத தமிழில் தேடித் தவித்து, கடைசியில் எந்த மொழியிலும் அர்த்தம் இல்லாத ஒன்றை வைப்பதும் அப்படித்தான். இவையெல்லாம் என் விருப்பு வெறுப்பு, யார் மேலும் திணிக்க மாட்டேன். ஆனால் மனசார வெறுக்கிற பெயர்கள் இரண்டு உண்டு: போதும்பொண்ணு, வேண்டாம். அடுத்தது பையனாகப் பிறக்கட்டும் என்று இந்தப் பிள்ளையின் தலையில் கட்டிய பெயர்கள். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் ஒவ்வொரு நாளும் 'நீ வேண்டாம்' என்று கேட்டுக்கொண்டே ஒரு பெண் வளர்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உங்கள் அண்ணன் குப்பம்மா என்றாரே, அது என் ஆயாவின் பெயர்.

ஆயாவுக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதாக ஆயா பிறந்ததும், முறத்தில் போட்டுத் தெருக்கோடிக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். பக்கத்து வீட்டம்மா ஏதோ வழியில் கிடந்த குழந்தையைப் போல எடுத்து வந்து வாசலில் நின்று, "தவிடு குடுத்தா தர்றேன்" என்றார். பெற்றவள் ஒரு படி தவிட்டைக் கொட்டித் தன் பிள்ளையையே விலைக்கு வாங்கினாள். யாருக்கும் வேண்டாத குழந்தை இது, சாவே நீயும் திரும்பிப் பார்க்காதே என்று அர்த்தம். குப்பன், குப்புசாமி, பிச்சை, பிச்சம்மா, தவிட்டம்மா என்று அந்தத் தலைமுறையில் பெயர் வைத்துக்கொண்டவர்கள் பலர் இப்படிப் பிழைக்க வைக்கப்பட்டவர்கள். குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், கையில் மருந்தில்லாத ஒரு தாய் பெயரை மருந்தாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஆயா எழுபத்தெட்டு வயது வரை இருந்தார். குப்பம்மா என்பது அசிங்கமான பெயர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னமும் கண் கலங்குகிறது. அண்ணனிடம் இதைச் சண்டையாகச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு குப்பம்மா இருந்திருப்பார், அவர் கதையைக் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதற்காகப் பழைய பெயர்தான் வைக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 1949இல் ராயபுரம் ராபின்சன் பூங்கா கூட்டத்தில்தான் தி.மு.க. தொடங்கியது. அதன் தலைவர்களிலேயே நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆகியிருந்தார், ராமையா அன்பழகன் ஆகியிருந்தார். அதைப் பார்த்து நம் தெருக்களில் அறிவழகனும் தமிழ்ச்செல்வியும் பிறந்தார்கள். அன்றைக்கு அவையும் வாயில் நுழையாத புதுப் பெயர்கள்தான். வேற்றுமொழிப் பெயர் என்றாலும் எனக்குக் கோபம் இல்லை. பீட்டர் ராயப்பர் ஆனதும், ஜோசப் சூசையப்பர் ஆனதும், பால் சின்னப்பர் ஆனதும் தமிழ் வாய்க்குள் வந்துதான். காலடிப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோசப் காலெட் என்று 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவரின் பெயரில் அமைந்த பேட்டை அது. கூப்பிட்டுக் கூப்பிட்டு நம் ஜனங்கள் காலெட்டைக் காலடியாக்கிக்கொண்டார்கள். பெயர் புழங்கினால் அப்படித்தான், வாய்க்கு ஏற்றபடி தேய்ந்து பளபளப்பாகும்.

கூப்பிடுகிறவர்களை விட்டுவிட்டு, ஒரு கூட்டல் கணக்குக்காக எழுத்தைச் சேர்ப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கணக்கையே கொஞ்சம் பாருங்கள். கீரோ என்ற பெயரில் எழுதிய அயர்லாந்துக்காரர் பரப்பிய கால்டியன் அட்டவணை அது. ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்திருப்பார்கள், 9 எந்த எழுத்துக்கும் கிடையாது. அதில் இசட்டுக்கு 7, எச்சுக்கு 5. ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போடுவது ஆங்கிலத்தில் எழுதுவதற்காக நாம் வைத்துக்கொண்ட ஒரு ஏற்பாடு. அப்படிப் போட்டால் அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் 12 வருகிறது. பலர் எல் மட்டும் போட்டு எழுதுகிறார்கள், அப்போது 3. இனி உங்கள் அம்மா அவளை எப்படிக் கூப்பிடப் போகிறார்? வாயப்பயம் என்று சொல்கிற ஊர் இது, 'யாயினி' என்றுதான் கூப்பிடுவார். அதற்கு ஒய் போட்டால் 1. ஒரே குழந்தை, ஒரே பெயர், மூன்று கணக்கு. இதில் எந்த எண்ணிடம் அவள் அதிர்ஷ்டம் மாட்டிக்கொண்டிருக்கிறது? தமிழில் எழுதினால் யா, ழி, னி என்று மூன்றே எழுத்து. யாழ் என்ற இசைக்கருவி அதற்குள் இருக்கிறது. இதைவிட என்ன அதிர்ஷ்டம் வேண்டும்?

(அம்மா யாயினி என்று கூப்பிட்டால் தயவுசெய்து யாரும் திருத்தாதீர்கள். ஆயா வாயில் உருண்டு வரும் ஓசையும் அந்தப் பிள்ளையின் சொத்துதான்.)

என் சித்தப்பா மகனுக்கு இப்படித்தான் நடந்தது. பிறந்தபோது யாரோ கணக்குப் பார்த்து ஒரு ஏ-வும் ஒரு எச்சும் சேர்த்தார்கள். பிறப்புச் சான்றிதழில் அப்படியே ஏறியது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்த டீச்சர் எல்லாரும் எழுதுகிறபடி எழுதிவிட்டார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் அதுவே வந்தது. ஆதாரில் ஏ மட்டும் இருந்தது, எச் இல்லை. இருபத்திரண்டு வயதில் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது மூன்று காகிதத்தில் மூன்று ஆள். மின்ட் பக்கத்தில் ஒரு இ-சேவை மையத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். கவுண்ட்டர் கண்ணாடியில் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் குனிந்து தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். "எச்சு எத்தினி தம்பி?" என்று உள்ளே இருந்த பெண் கேட்டார். சொன்னான். டைப் அடித்துவிட்டு மறுபடியும் கேட்டார். பின்னால் வரிசையில் இருந்த ஒருவர் உச்சுக் கொட்டினார். மூன்றாம் தடவை சொல்லும்போது அவன் காது மடல் சிவந்திருந்தது. அப்புறம் பிரமாணப் பத்திரம், அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு என்று அலைந்து முடித்தபோது அந்த வேலை கைவிட்டுப் போயிருந்தது. அவன் யாரையும் திட்டவில்லை. அதிர்ஷ்டத்துக்காகத்தானே வச்சாங்க என்று மட்டும் சொன்னான்.

அதனால்தான் சொல்கிறேன், இப்போதே பேசுங்கள், நேரம் இருக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒரு தடவை ஏறிவிட்ட பெயரை, மனசு மாறிவிட்டது என்று மாற்றுவது லேசில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து பாஸ்போர்ட் வரை அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை. ஆதாரிலும் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள்.

அண்ணனை விடுங்கள், அவர் கோபத்தில் இருக்கிறார். அண்ணியிடம் போங்கள். பிரசவமாகி இருபதே நாளான பெண், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இருக்கும். 32 என்று பிடித்துக்கொண்டிருப்பதும் அந்தப் பயத்தில்தான் என்று தோன்றுகிறது. என் ஆயாவைக் குப்பைமேட்டில் வைத்தவளின் பயமும் இதே பயம்தான். அதனால் மூடநம்பிக்கை என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். முதலில் யாழினி என்று தேர்ந்தெடுத்தது நல்ல காரியம் என்று சொல்லுங்கள். அப்புறம், சான்றிதழில் ஏழு எழுத்து இருக்கட்டும், அந்தப் பத்து எழுத்தை மஞ்சள் தடவிய தாளில் எழுதிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுப் பாருங்கள். நானறிந்து இரண்டு வீடுகளில் இப்படிச் சமாதானமானது.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். எச்சைப் பற்றி இனி ஒரு வார்த்தை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போய், குனிந்து, காதில் யாழினி, யாழினி, யாழினி என்று சொல்லிவிட்டு வாருங்கள். காதில் சொல்லும்போது எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. அம்மா எப்படிக் கூப்பிடுகிறார் என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா