சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் நகல்

கேள்வி: தேக்காவில் எங்கள் கடையின் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) நான்கு 4 டிபி (டெராபைட்) டிஸ்குகள், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி டிஸ்குகளைச் சேர்க்கும் முறை). ஒன்றில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் கணக்குக் கோப்புகள் திறக்கின்றன. உடனே டிஸ்க்கை மாற்றலாமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன் கணக்குகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.

ரெய்டு 5-இல் நான்கு டிஸ்குகளிலும் சேர்த்து 1-களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வைக்கப்படும். மூன்று டிஸ்குகளில் 1, 0, 1 என்றிருந்தால், 1-கள் ஏற்கெனவே இரட்டைப்படையாக இருப்பதால் நான்காவதில் 0 எழுதப்படும். நடு டிஸ்க் போனாலும் மீதமுள்ள 1, 1, 0-ஐ வைத்து அது 0 என்று கணக்கிட்டுவிடலாம். கோப்புகள் இன்னும் திறப்பது இப்படித்தான். இதற்காகவே 16 டிபியில் 12 மட்டும் உங்களுக்குக் கிடைக்கிறது.

புது டிஸ்க் போட்டதும், போனதிலிருந்த தரவை அதில் திரும்ப எழுத (மறுகட்டமைப்பு) மற்ற மூன்றும் முழுமையாகப் படிக்கப்படும். பல மணி நேர வேலை. அவையும் ஒரே நாளில் வாங்கியவை என்றால் தேய்மானமும் ஒன்றுதான். அந்த நேரத்தில் இன்னொன்று போனால் தரவு போய்விடும்.

கழற்றும்முன் சீரியல் எண்ணைத் திரையில் பார்த்து உறுதிசெய்யுங்கள். நல்ல டிஸ்க்கை உருவிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. புதியது 4 டிபிக்குக் குறையக்கூடாது. எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் டிஸ்க்) வேண்டாம், மறுகட்டமைப்பு இழுத்தடிக்கும்.

அடுத்த முறை ரெய்டு 6 வையுங்கள். 8 டிபிதான் கிடைக்கும், ஆனால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். தவறுதலாக அழித்த கோப்பை மட்டும் எந்த ரெய்டும் மீட்டுத் தராது.