பதில்: மஞ்சள் பூச்செடி ரோஜாப் பாத்தியை மூடிடுச்சு

வணக்கம் மேடம். ஜெயநகர் வீட்டு காம்பவுண்ட் ஓரம் அழகுக்கு வச்ச செடி, வெட்ட வெட்டப் பரவுதுன்னு எழுதியிருந்தீங்க. படத்துல இலை மூணு மடலா இருக்கு, அதனால இது சிங்கப்பூர் டெய்சி. மஞ்சள் கரிசலாங்கண்ணின்னு நினைச்சு யாரும் பறிச்சு சமைச்சிட வேண்டாம். மஞ்சள் கரிசலாங்கண்ணி இலையில இப்படி மடல் இருக்காது.

வெட்டினா இதுக்குக் கொண்டாட்டம்தான். துண்டு விழுந்த இடத்துல ஒரு கணு மண்ணைத் தொட்டாலே வேர் பிடிக்கும். மழை பெஞ்ச மறுநாள் மண் இளகியிருக்கும்போது, கொடியைப் பிடிச்சு ஒவ்வொரு கணுவையும் வேரோட கிளப்புங்க. எடுத்ததை உரக்குழியில போடாதீங்க, பக்கத்து காலி சைட்டுல வீசவே வீசாதீங்க (பாதி சைட்டுக்கு இது அப்படித்தான் போய்ச் சேருது). மொட்டைமாடியில மொறுமொறுன்னு காயணும். அடுத்த சில மாசம் துளிர்க்கிறதை அப்பப்போ பிடுங்கணும், வேற வழியில்லை.

களைக்கொல்லி வேண்டாம், ரோஜாவுக்கு ஆபத்து. செடி பரவாம இருக்க மண்ணுல பதிக்கச் சொல்லி நர்சரியில சொன்ன தடுப்புத் தகடும் வீண்செலவு. மேலோட்டமா ஓடற கொடி அதைத் தாண்டிடும். அந்த இடத்துல கனகாம்பரம் வைங்க, இப்படிக் கொடி ஓட்டிப் பரவாது.