பார்த்தீனியன்குளம் என்று ஓர் ஊர் இல்லை

அன்புள்ள அண்ணைக்கு,

வணக்கம். கச்சான் (நிலக்கடலை) பிடுங்குகிற காலம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்குச் சொந்த இடம் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம். 1997 இல் பத்தொன்பது வயதில் வெளிக்கிட்டவன், இப்போது சுவிஸில். போன ஆவணியில் அம்மாவோடு ஒரு மாதம் வந்து நின்றேன். நான் விட்டுப்போன ஊராக அது தெரியவில்லை. விடிய எழும்பினால் கூரைத் தகரத்தில் மயில் நடக்கிற சத்தம். குரும்பையிலேயே குரங்கு பிடுங்கி எறிந்துவிடுகிறது. இருட்டினால் யானைக்குப் பயந்து றோட்டில் ஒரு சனம் இல்லை. சோளனுக்குள் புழு. பக்கத்து வீட்டு மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி. வேலியோரம் முழுக்கப் பார்த்தீனியக் களை. வவுனியாவில் இருக்கிற சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது.

"இதுகள் ஒண்டும் எங்கடை காலத்தில இல்லை, எல்லாம் சண்டைக்குப் பிறகு கொண்டுவந்து விட்டது" என்கிறா அம்மா. பக்கத்து வீட்டு ஐயா, இரவில் லொறியில் குரங்கு கொண்டுவந்து இறக்கியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். யார் இதையெல்லாம் கொண்டுவந்தது? எங்களை மண்ணைவிட்டுக் கிளப்பத்தான் இது நடக்கிறதா?

த., சுவிஸ்

அன்புள்ள தம்பி,

யார் கொண்டுவந்தது என்ற கேள்விக்கு ஒரே ஓர் இடத்தில்தான் என்னால் கையை நீட்டிக் காட்ட முடியும். காட்டினால், அங்கே நிற்பது ஆடு.

1987 இல் இந்திய அமைதிப்படை வந்தபோது நீங்கள் சின்னப் பிள்ளை. அவ்வளவு பெரிய படைக்கு இறைச்சி வேண்டும். உயிர் ஆடுகளாகவே இந்தியாவிலிருந்து கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த ஆடுகளோடு மாட்டுக் கொள்ளைநோய் வந்தது. 40 ஆண்டுகளாக இந்த நாட்டில் தலைகாட்டாத நோய். வாயில் புண், கண்ணால் ஓயாமல் நீர், பிறகு கழிச்சல், அதோடு மாடு சரிந்துவிடும். 1994 வரை அங்குமிங்கும் கிளம்பிக் கிளம்பித் தடுப்பூசியால் அடங்கியது. 2011 இல் உலகத்திலேயே இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். மனிதன் அடியோடு ஒழித்த நோய்கள் இரண்டுதான்: எங்களுக்கு வந்த பெரியம்மை, மாட்டுக்கு வந்த இது.

பார்த்தீனியமும் அதே ஆட்டோடும் தீவனத்தோடும் வந்ததாகத்தான் பரவலாக நம்புகிறார்கள். நோய்க்குக் கிடைத்தது போன்ற சாட்சி செடிக்கு இல்லை. ஆனால் வவுனியாப் பக்கத்தில்தான் அது முதலில் கண்ணில் பட்டது. கரட் இலை மாதிரி இலை, வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் பூ, ஒரு செடியில் பத்தாயிரத்துக்கு மேல் விதை. அமெரிக்கக் கண்டத்துச் செடி இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து, பிறகு மணல் லொறியிலும் உழவு மெசின் சில்லிலும் ஏறி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

இதில் யாரும் எங்களை அழிக்கத் திட்டம் போடவில்லை, தம்பி. பசித்த படைக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

சரி, யானை, மயில், குரங்கு? இதில் நான் அம்மாவோடு கொஞ்சம் கொழுவ வேண்டியிருக்கிறது, குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எது புதிது, எது பழையது என்று பார்க்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது: ஊர்ப் பெயர்களைப் பார்ப்பது. வன்னிக்கு வாசல் ஆனையிறவு. கிளிநொச்சி நகரத்துக்குள் நுழைய முதல் கரடிப்போக்குச் சந்தி. அதே மாவட்டத்தில் ஆனைவிழுந்தான். மடுப் பக்கம் போனால் பெரியபண்டிவிரிச்சான்; பண்டி என்றால் பன்றி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் வன்னியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான வன்னியர்கள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறை கட்டியதே யானையாகத்தான். இந்த மிருகங்கள் எங்களுக்கு முதலே இங்கே காணி பிடித்தவை. ஆனால் வன்னி முழுக்கத் தேடினாலும் பார்த்தீனியன்குளம் என்று ஓர் ஊர் இல்லை. உங்கள் சோளனுக்குள் இருந்த படைப்புழுவின் பெயரில் ஒரு சந்தியும் இல்லை.

அப்படியென்றால் ஏன் அம்மாவுக்கு அவை புதிதாகத் தெரிகின்றன? அம்மா பொய் சொல்லவில்லை. அவவின் காலத்தில் குரங்கு காட்டுக்குள் இருந்தது, வளவுக்குள் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு காவல் இருந்தது.

எங்கள் வயல் முத்தையன்கட்டுக்குக் கீழே. நான் பத்து வயதில் அப்பாவோடு காவலுக்குப் போயிருக்கிறேன். மரத்தில் பரண், மேலே ஓலை, கீழே எரிந்துகொண்டே இருக்கும் பாலைக் கட்டை. நாய் மூன்று. ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரமும் அதை அடிக்க ஒரு தடியும். அப்பா இருந்திருந்து ஓவென்று ஒரு சத்தம் வைப்பார். சற்றுப் பொறுத்து அடுத்த பரணிலிருந்து பதில் சத்தம் வரும், பிறகு அதற்கடுத்ததிலிருந்து. அந்தச் சத்தம் வயல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றி எங்களிடம் திரும்பி வந்தால்தான் அப்பா சுருட்டைப் பற்றவைப்பார். வராவிட்டால், யாரோ நித்திரை. அங்கேதான் பன்றி இறங்கும். மாமாவிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. அவர் சுட்டு விழுத்தியதைவிட வெடித்துக் கலைத்ததுதான் அதிகம்.

பிறகு துவக்கு போனது, ஆட்கள் போனார்கள், கடைசியில் ஊரே போனது. 2009 க்குப் பிறகு தறப்பாளோடும் தகரத்தோடும் திரும்பி வந்தபோது எங்கள் கிணற்றடியில் வீரை மரம் நின்றது. வயலுக்குள் நாயுருவியும் நாணலும் ஆளுயரம். காடு எங்கள் வளவுக்குள் வந்து, குட்டி போட்டு, பழகிவிட்டது. பிறந்ததிலிருந்து வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்த யானைக்கு இப்போது நாங்கள் கொளுத்துகிற யானைவெடி ஒரு பொருட்டா? போதாததற்கு நாங்கள் வேறு, மிஞ்சிய காட்டை வெட்டிக் காணி பிடிக்கிறோம். அது நடந்த பாதையில் தென்னை வைக்கிறோம். தென்னங்குருத்து அதற்கு அல்வா.

2023 இல் இந்த நாட்டில் செத்த யானைகள் 470 க்கு மேல். சுட்டும், மின்சாரத்திலும், ரயிலில் அடிபட்டும், வாயில் வெடிக்கிற வெடியாலும். அந்த வெடியைப் பன்றிக்கென்றுதான் பழத்துக்குள் வைப்பார்கள். யானைக்குட்டி கடித்தால் தாடை சிதறும்; உடனே சாகாது, தின்ன முடியாமல் குளத்துத் தண்ணீருக்குள் நாள்கணக்காக நிற்கும். நான் ஒன்றைக் கண்டிருக்கிறேன். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

லொறிக் கதைக்கு வருகிறேன். வன்னியில் அதைக் கேட்காத ஊர் இல்லை. எல்லாரும் கண்ணால் கண்டவர்கள், ஒருவரும் லொறி இலக்கத்தைப் பார்க்கவில்லை. ஐயாவை நான் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். தொல்லை தருகிற மிருகத்தைப் பிடித்து வேறு காட்டில் விடுவது இந்த நாட்டில் நடக்கிற விடயம்தான். யானைகளுக்கு அதை முறைப்படியே செய்கிறார்கள். அப்படி விட்ட யானைகளுக்குக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்து பார்த்த யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோ குழுவின் ஆய்வு 2012 இல் வந்தது. சில திரும்பப் பழைய இடத்துக்கே நடந்தன, சில ஊர் ஊராக அலைந்தன. தொல்லை குறையவில்லை, கூடியது. ஆனாலும் வன்னிக் குரங்கெல்லாம் லொறியில் வந்தது என்றால், அந்த லொறிகள் நிரையாக நிற்கவே ஏ-9 வீதி போதாது. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு, நாடு முழுக்க ஐந்து நிமிடத்தில் குரங்கும் மயிலும் எண்ணினார்கள். குரங்கு 50 இலட்சத்துக்கு மேல், மயில் 40 இலட்சத்துக்கு மேல் என்று கணக்கு வந்தது. எங்கள் வளவு மயில்கள் அந்த ஐந்து நிமிடமும் பக்கத்து வளவில் நின்றன. அங்கே எண்ணினார்களோ என்னவோ. மயிலுக்குக் கல்லெறிய எங்கள் சனத்துக்கு மனமும் வராது, முருகனின் வாகனம். முளைத்த உளுந்தை அது நிரையாகக் கிண்டித் தின்னும்போது முருகா என்றுதான் கத்துகிறோம்.

இனி உண்மையிலேயே புதியவை. சோளனில் நீங்கள் கண்ட புழுவைச் சேனா படைப்புழு என்கிறார்கள். சேனை என்றாலும் படை என்றாலும் ஒன்றுதான், இரட்டைப் படை. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016 இல் ஆபிரிக்காவில் இறங்கியது, 2018 இல் கர்நாடகாவில், அந்த ஆண்டே இங்கேயும். அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீற்றர் பறக்கக்கூடியது, இடையில் இருக்கும் கடல் அதற்கு ஒரு வாய்க்கால். இதை எந்த ஆமியும் கொண்டுவரத் தேவையில்லை.

முதன்முதல் என் சோளனில் அதைக் கண்டபோது நான் மரத்தூள் என்றுதான் நினைத்தேன். குருத்துக்குள் ஈரமான தூள் குவிந்திருந்தது. யார் இதற்குள் மரம் அரிந்தது என்று ஈர்க்கால் கிண்டினால், அது புழுவின் எச்சம். அடியில் புழு சுருண்டு கிடக்கிறது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் நெற்றியில் வெள்ளையாக ஒரு கவட்டுத் தடி தலைகீழாக, வாற்பக்கத்தில் சதுரமாக நான்கு கறுப்புப் பொட்டு. இந்த இரண்டும் இருந்தால் அதுதான். பகலில் குருத்துக்குள் ஒளிந்திருப்பதால் மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. அது தெரியாமல் நான் இரண்டு தரம் அடித்துக் காசைக் கரைத்தேன். பிறகு விடியக்காலையில் டோச் லைற்றோடு போய்க் குருத்துக் குருத்தாகப் பொறுக்கினோம். முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி நசுக்கினோம். அரைவாசி தேறியது.

நெல்லில் அறக்கொட்டி வந்தால், மடிச்சுக்கட்டி வந்தால், எங்கள் அப்பாவுக்கு அதன் பெயரும் தெரியும், எந்த மேகமூட்டத்தில் வரும், எப்போது தண்ணீரை வடிக்க வேண்டும் என்பதும் தெரியும். பெயர் தெரிந்த பூச்சியோடு சண்டை பிடிக்கலாம். புதிது வரும்போது பெயரும் இல்லை, கைப்பழக்கமும் இல்லை. அல்லது பிழையான பெயர் வந்து சேரும். மாட்டுக்கு வந்த கட்டி அப்படித்தான். 2020 இல் வடக்கில் அது முதலில் பரவியபோது ஆட்கள் அம்மை என்றார்கள். அம்மை என்றதும் பட்டியில் வேப்பிலை கட்டினார்கள், மிருக வைத்தியரைக் கூப்பிடவில்லை. எங்கள் சிவப்பிப் பசுவின் தோலைத் தடவினால், உள்ளே கச்சான் பருப்பை வைத்துத் தைத்தது போல இருந்தது. கடிக்கிற ஈயும் நுளம்பும் உண்ணியும் காவுகிற தோல் கழலை நோய் அது. மனிதருக்குத் தொற்றாது, தடுப்பூசி உண்டு. அம்மாவின் பக்கத்து வீட்டாருக்கு இதை மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்துக்குப் பிறகு மர்மக் காய்ச்சல் என்று சனம் பதறியதும் அதே கதைதான். ஆட்கள் இறந்த பிறகுதான் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. வயலில் இறங்குகிறவர்களுக்கு அதற்கு முன்கூட்டியே மாத்திரை கொடுக்கிறார்கள், வாங்கிப் போட்டால் சரி.

அந்தக் காலத்தில் நோய் இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வன்னியைத் தின்றது மலேரியா. குளோரோகுயின் மாத்திரையின் கைப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. 2012 ஐப்பசிக்குப் பிறகு அது உள்ளூரில் நிலைகொண்டு பரவவில்லை. 2016 இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனமே சான்று தந்தது. (அதே கையோடு, கிணற்றிலும் தாங்கியிலும் பெருகுகிற வேறொரு மலேரியா நுளம்பு மன்னாரில் வந்து இறங்கிவிட்டது. நோய் இல்லை, வாகனம் மட்டும் தயார்.) அதற்கும் முதல், வெள்ளைக்காரன் காலத்தில், வன்னிச் சனத்தின் உடம்பெல்லாம் புண்ணாக்கிய ஒரு நோய்க்குப் பறங்கி என்று பெயர். 1881 இல் அதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார்கள். பெயரைப் பாருங்கள்: பறங்கி. உங்கள் அம்மம்மாவின் அம்மம்மாவும் யார் கொண்டுவந்தது என்று கேட்டுத்தான் இருக்கிறா.

சித்தப்பாவின் சிறுநீரக நோய்க்கு என்னிடம் கதை இல்லை. அந்த வகை நோயை 1990களில் அநுராதபுரப் பக்கத்தில்தான் முதலில் கவனித்தார்கள், வவுனியா அதன் தொடர்ச்சி. தண்ணீரா, மருந்தா, வெயிலா என்று இன்னும் அடிபடுகிறார்கள். அவரோடு ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் எல்லாரையும் ஒருதரம் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். நோவு தெரிய முதல் பிடித்தால்தான் பயன்.

வேலியோரத்துப் பார்த்தீனியத்தை அம்மா வெறுங்கையால் பிடுங்க வேண்டாம், தோல் கடிக்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்க முதல், கையுறை போட்டு வேரோடு யாரையாவது கொண்டு பிடுங்கச் சொல்லுங்கள். யாரையாவது என்று எழுதிவிட்டேன். உங்கள் ஒழுங்கையில் இப்போது அறுபது வயதுக்குக் குறைந்த ஆம்பிளை எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர், அதில் ஒன்று நான், எனக்கும் வருகிற தையில் அறுபது.

அடுத்த தரம் அம்மாவோடு கதைக்கும்போது ஒன்று கேளுங்கள்: அவவின் காலத்தில் உங்கள் வயலைச் சுற்றி எத்தனை பரண் இருந்தது, எந்தெந்தப் பரணில் யார் யார் படுத்தார்கள் என்று. பெயர்களை எழுதி வையுங்கள். அதில் எத்தனை பேர் இப்போது எந்தெந்த நாட்டில் என்பதையும் பக்கத்தில் எழுதி, முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்
அண்ணை